சட்டம் சுதந்திரத்தைக் குறைக்கிறதா, தருகிறதா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: சட்டம் என்றாலே "செய்யாதே" என்பதுதான், ஒவ்வொரு புதுச் சட்டமும் நம் சுதந்திரத்தில் கொஞ்சத்தைத் தின்கிறது, அப்படியிருக்க "சட்டம்தான் சுதந்திரத்தைத் தருகிறது" என்று சட்டம் படித்தவர்கள் சொல்வது வார்த்தை ஜாலம்தானே? கூடவே, ஹெல்மெட் போடு என்பது போல "உன் நல்லதுக்குத்தான்" என்று வரும் விதிகளை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் சட்டத் தத்துவம் படித்தவன், பல வருடம் அதையே பாடமாக நடத்தியவன். மனிதனுக்கு உண்மையிலேயே தானாக முடிவெடுக்கும் ஆற்றல் உண்டா, எல்லாம் முன்பே விதிக்கப்பட்டதா என்ற பழைய கேள்விக்குள் நான் போகவில்லை. அது வேறு துறை, எனக்கு அதில் சொல்வதற்குப் புதிதாக எதுவும் இல்லை. மனிதருக்கும் மனிதருக்கும் நடுவில், மனிதருக்கும் அரசுக்கும் நடுவில் இருக்கும் சுதந்திரம் பற்றி மட்டும் பேசுகிறேன்.

முதலில், உங்கள் பக்கம் இருப்பவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. 1651இல் ஆங்கிலத் தத்துவவாதி தாமஸ் ஹாப்ஸ் எழுதியது கிட்டத்தட்ட உங்கள் வாதமேதான்: சட்டம் எங்கே வாய் திறக்கவில்லையோ அங்கேதான் குடிமகனின் சுதந்திரம். அடுத்த நூற்றாண்டில் வந்த ஆங்கிலச் சட்டச் சிந்தனையாளர் ஜெரமி பெந்தாம் இன்னும் ஒளிவுமறைவில்லாமல், எல்லாச் சட்டமும் சுதந்திரத்துக்கு எதிரானதே என்றார். அதற்காகச் சட்டம் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. பாதுகாப்பு வேண்டுமென்றால் விலை கொடுக்க வேண்டும், சுதந்திரம்தான் அந்த விலை என்பது அவர் நிலை. எனக்குப் பெந்தாமின் முடிவில் முழு உடன்பாடு கிடையாது, ஆனால் விலையை விலை என்றே சொல்லும் அந்த நேர்மை பிடிக்கும்.

சரி, இந்தக் கழித்தல் கணக்கு எங்கே இடறுகிறது? 1979இல் சார்ல்ஸ் டெய்லர் என்ற கனடியத் தத்துவவாதி ஒரு குறும்பான உதாரணம் கொடுத்தார். அப்போது அல்பேனியாவில் கம்யூனிஸ்ட் ஆட்சி. 1967 முதல் அங்கே மதத்துக்கே தடை. பிரிட்டனில் மதத்துக்குத் தடையில்லை. ஆனால் லண்டனில் தெருவுக்குத் தெரு சிக்னல். அல்பேனியத் தலைநகர் டிரானாவில் வாகனமும் குறைவு, சிக்னலும் குறைவு. இப்போது தடைகளை வெறும் எண்ணிக்கையாகக் கூட்டிப் பாருங்கள். ஒரு லண்டன்வாசியைச் சிவப்பு விளக்கு ஒரு நாளில் பத்து தடவை நிறுத்துகிறது. அல்பேனியாவில் வழிபடப் போயிருக்கக்கூடியவர் வாரத்தில் ஒரு நாள்தான் போயிருப்பார். எண்ணிக்கைப்படி அல்பேனியாதான் சுதந்திர நாடு! யாரும் அதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஏனென்றால் சிக்னலில் நிற்பதும் கடவுளைக் கும்பிட முடியாமல் போவதும் ஒரே தராசில் நிற்பவை அல்ல. எந்தச் செயல் தடுக்கப்படுகிறது, அது அந்த மனிதருக்கு எவ்வளவு முக்கியம் என்று பார்க்காமல் "சுதந்திரம் கூடியது, குறைந்தது" என்று பேசவே முடியாது. வெறும் எண்ணிக்கை போதாது என்பதை நான் உறுதியாகச் சொல்வேன். எடை போடுவது எப்படி, எடையை யார் தீர்மானிப்பது என்பதில் உறுதி கிடையாது. ஒட்டுமொத்தச் சுதந்திரத்தை அளக்க முடியும் என்று இயன் கார்ட்டர் என்ற தத்துவவாதி 1999இல் ஒரு முழுப் புத்தகமே எழுதி வாதாடினார். என்னால் அதை முழுதாக ஏற்கவும் முடியவில்லை, தள்ளவும் முடியவில்லை.

இனி உங்கள் கேள்வியின் நடு நரம்புக்கு வருவோம். வெஸ்லி ஹோஃபெல்ட் என்ற அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் 39 வயதிலேயே இறந்துபோனார். 1913இல் அவர் எழுதிய ஒரு கட்டுரை, "உரிமை" என்று நாம் பொத்தாம்பொதுவாகச் சொல்வதைத் தனித்தனியாகப் பிரித்து வைத்தது. வகுப்பில் நான் அதை ஒரு பெஞ்சை வைத்துத்தான் சொல்லிக்கொடுப்பேன். பொதுப் பூங்காவில் ஒரே ஒரு பெஞ்சு காலியாக இருக்கிறது. நீங்களும் அதில் உட்காரலாம், நானும் உட்காரலாம். உட்காரக்கூடாது என்ற கடமை இரண்டு பேருக்குமே இல்லை. இது சுதந்திரம். ஆனால் நான் நாலு எட்டு வேகமாகப் போட்டு முதலில் உட்கார்ந்துவிட்டால் உங்களால் என்னை ஒன்றும் கேட்க முடியாது. ஏனென்றால் பெஞ்சை உங்களுக்காக விட்டுவைக்க வேண்டும் என்ற கடமை எனக்குக் கிடையாது. உங்களிடம் இருந்தது உட்காரும் சுதந்திரம் மட்டுமே. மற்றவரைக் கட்டுப்படுத்தும் உரிமை அல்ல. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் "எனக்குப் பேச்சுச் சுதந்திரம் இருக்கிறது, என் கட்டுரையைப் பத்திரிகை போட்டே ஆகவேண்டும்" என்பது போன்ற வாதங்கள் பிறக்கின்றன. பேசுவதற்கு உங்களுக்குத் தடையில்லை என்றால், அச்சடித்துக் கொடுக்கும் கடமை இன்னொருவருக்கு வந்துவிட்டது என்று ஆகாது.

கதை இதோடு முடியவில்லை. நீங்கள் முதலில் உட்கார்ந்துவிட்டீர்கள், நான் வந்து உங்கள் தோளைப் பிடித்துத் தள்ளிவிட்டு உட்காருகிறேன் என்று வையுங்கள். இப்போது உங்களுக்குப் புகார் உண்டு. கவனியுங்கள், அந்தப் புகார் பெஞ்சு பற்றியது அல்ல, உங்கள் உடம்பு பற்றியது. அடிக்காதே, தள்ளாதே என்று எனக்கு இருக்கும் கடமைகள் உங்கள் பெஞ்சுச் சுதந்திரத்தைச் சுற்றி வேலி போட்டது போல நிற்கின்றன. ஆங்கிலச் சட்டத் தத்துவவாதி எச்.எல்.ஏ. ஹார்ட் இதைப் பாதுகாப்புச் சுற்றுவேலி என்ற பொருளில்தான் விளக்கினார். வேலி இல்லாவிட்டால் உங்களுக்கு உட்காரும் சுதந்திரம் ஏட்டில் இருக்கும், பெஞ்சில் நான் இருப்பேன். ஆகவே "தள்ளாதே" என்ற ஒரே சட்டம் ஒரே நொடியில் இரண்டு வேலை செய்கிறது. தள்ளும் சுதந்திரத்தை என்னிடமிருந்து எடுக்கிறது, உட்காரும் சுதந்திரத்தை உங்களுக்குக் காக்கிறது. எடுக்கிறது என்று நீங்கள் சொன்னதும் சரி, தருகிறது என்று சட்டம் படித்தவர்கள் சொல்வதும் சரி. நான் "பங்கிடுகிறது" என்று சொல்வேன். யாரிடமிருந்து எடுத்து யாருக்கு, எதற்காக என்று ஒவ்வொரு சட்டத்திடமும் கேட்க வேண்டியிருப்பது அதனால்தான்.

சட்டம் என்றாலே "செய்யாதே" என்ற உங்கள் முதல் அடியிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. உயிலை எடுத்துக்கொள்ளுங்கள். இறந்த பிறகு தன் சொத்து யாருக்குப் போகவேண்டும் என்று ஒருவர் எழுதி வைக்கிறார். இரண்டு சாட்சி வேண்டும், கையெழுத்து வேண்டும் என்று சட்டம் சொன்னால் அது கட்டுப்பாடு போலத் தெரியும். ஆனால் உயில் சட்டமே இல்லாத இடத்தில் அந்தத் தாள் வெறும் தாள்தான். எழுதியவர் கண்ணை மூடியதும், பலமுள்ளவர் எடுத்துக்கொண்டு போவார். ஒப்பந்தம், திருமணப் பதிவு, ஒரு சங்கத்தைத் தொடங்குவது எல்லாம் இந்த ரகம். இங்கே சட்டம் எதையும் பறிக்கவில்லை. இல்லாத ஒரு ஆற்றலை உண்டாக்கிக் கொடுக்கிறது. சதுரங்க விதிகள் காயை நகர்த்தும் சுதந்திரத்தைக் குறைக்கின்றன என்று யாராவது புலம்பினால் என்ன சொல்வீர்கள்? விதி இல்லாவிட்டால் அங்கே விளையாட்டே இல்லையே. பெந்தாமின் கழித்தல் கணக்கில் இந்த ரகத்துக்கு இடமில்லை என்பதுதான் அவர் மேல் எனக்குள்ள பெரிய குறை.

ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக் 1689இல், சட்டம் இல்லாத இடத்தில் சுதந்திரமும் இல்லை என்று எழுதியதை இந்த வெளிச்சத்தில் படித்தால் வார்த்தை ஜாலமாகத் தெரியாது. சேற்றிலும் பள்ளத்திலும் விழாமல் காக்கிற வேலியைச் சிறை என்று சொல்லக்கூடாது என்பது அவர் உவமை. சட்டம் இல்லாத இடத்தில் தடி எடுத்தவன் தண்டல்காரன். அங்கே சுதந்திரம் தடி வைத்திருப்பவனுக்கு மட்டும்தான். ஆனால் லாக்கின் வாக்கியத்தை எல்லாச் சட்டத்துக்கும் போர்வையாகப் போர்த்த ஆரம்பித்தால் ஆபத்து. எந்தச் சர்வாதிகாரிக்கும் "இதுவும் உங்களைக் காக்கும் வேலிதான்" என்று சொல்ல வாய் வரும். வேலி யாருக்காக, வெளியே தள்ளப்பட்டவர் யார் என்று பார்க்காமல் லாக்கை மேற்கோள் காட்டுபவர்களைக் கண்டால் எனக்குச் சந்தேகம் வரும்.

இந்த விஷயத்தைத் தேடினால் எடுத்த எடுப்பில் கிடைப்பது ஐசையா பெர்லின் என்ற தத்துவவாதி 1958இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆற்றிய உரை. எதிர்மறைச் சுதந்திரம், நேர்மறைச் சுதந்திரம் என்று அவர் பிரித்தார். பிறர் குறுக்கே வராமல் இருப்பது முதலாவது. நம் வாழ்க்கைக்கு நாமே எஜமானாக இருப்பது இரண்டாவது. தமிழில் இதைச் சொல்லிக்கொடுப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. "விடுதலை" என்ற சொல்லுக்குள் "விடு" இருக்கிறது: ஏதோ ஒன்றின் பிடியிலிருந்து விடுபடுவது. "சுதந்திரம்" வடமொழியிலிருந்து வந்தது: தன்னைத் தானே நடத்திக்கொள்ளும் நிலை. பேச்சில் இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுகிறோம், தப்பில்லை. ஆனால் பெர்லின் சொல்ல வந்த இரண்டு பக்கமும் இந்த இரண்டு சொல்லில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. நேர்மறைச் சுதந்திரத்தைக் கண்டு பெர்லின் பயந்ததற்குக் காரணம் இருந்தது. "உன் உண்மையான விருப்பம் எது என்று உன்னைவிட எனக்குத் தெரியும், அதைச் செய்ய உன்னைக் கட்டாயப்படுத்துவதும் உனக்குச் சுதந்திரம் தருவதுதான்" என்று ஒரு கட்சியோ தலைவரோ சொல்ல ஆரம்பித்தால் எங்கே போய் நிற்கும் என்று அவர் காலத்து ஐரோப்பா பார்த்துவிட்டது. பொது விருப்பத்துக்குப் பணிய மறுப்பவரைச் சுதந்திரமாக இருக்கும்படி கட்டாயப்படுத்தலாம் என்று ரூஸோ 1762இல் எழுதிய வரி அந்தப் பயத்தின் மையத்தில் இருக்கிறது. அந்த வரிக்கு ரூஸோ என்ன பொருள் வைத்தார் என்று அறிஞர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள்.

எனக்கு வகுப்பில் அதிகம் கைகொடுத்தது பெர்லின் இல்லை, 1967இல் அவருக்குப் பதில் எழுதிய ஜெரால்ட் மக்கல்லம் என்ற தத்துவவாதி. சுதந்திரத்தில் இரண்டு வகை கிடையாது, ஒரே வகைதான், அதில் மூன்று கட்டங்களை நிரப்ப வேண்டும் என்றார் அவர்: யார், எந்தத் தடையிலிருந்து விடுபட்டு, எதைச் செய்ய அல்லது எப்படி இருக்க. கரும்பலகையில் மூன்று கோடு போட்டு, மாணவர்களை நிரப்பச் சொல்வேன். "சந்தைச் சுதந்திரம்" என்று யாராவது எழுதினால் முதல் கட்டத்திலேயே சண்டை வந்துவிடும்: முதலாளியா, தொழிலாளியா, வாங்குபவரா? பாதி விவாதங்கள் அந்த மூன்று கோட்டை நிரப்பியதுமே அடங்கிவிடும். மீதிப் பாதிதான் உண்மையான கருத்து வேறுபாடு, அநேகமாக நடுக் கட்டத்தில்: எதையெல்லாம் தடை என்று எண்ணலாம்?

அந்த நடுக் கட்டத்துக்குள்தான் லூக்கா நகரத்துக் கதை வருகிறது. இத்தாலியில் இருந்த அந்தச் சிறு குடியரசின் கோபுரங்களில் "லிபர்டாஸ்", அதாவது சுதந்திரம், என்று பெரிய எழுத்தில் பொறித்திருந்தார்கள். ஹாப்ஸ் அதைக் கிண்டலடித்தார்: இந்த ஊர்க்காரனுக்குக் கான்ஸ்டான்டிநோபிளில் (இன்றைய இஸ்தான்புல்) சுல்தானின் கீழ் இருப்பவனைவிட என்ன பெரிய சுதந்திரம், சட்டம் இங்கேயும் கட்டுகிறது, அங்கேயும் கட்டுகிறது என்று. ஐந்து வருடம் கழித்து, 1656இல், ஜேம்ஸ் ஹாரிங்டன் என்ற ஆங்கில அரசியல் சிந்தனையாளர் பதில் கொடுத்தார். சுல்தானிடம் எவ்வளவு பெரிய பதவியில் இருப்பவனும் தன் தலையையே சுல்தானின் தயவில்தான் வைத்திருக்கிறான். லூக்காவின் சாதாரணக் குடிமகனைக் கட்டுவது சட்டம் மட்டுமே, அந்தச் சட்டத்தைப் போட்டதும் குடிமக்களே. சுல்தான் நல்லவராக இருக்கலாம், ஆயுசு முழுக்க ஒரு தலையைக்கூட வாங்காமல் இருக்கலாம். ஆனால் வாங்க முடியும் என்ற நிலை இருக்கிறதே, அதுவே சுதந்திரமின்மை. 1990களில் ஃபிலிப் பெட்டிட், குவெண்டின் ஸ்கின்னர் என்ற இரண்டு அறிஞர்கள் இந்தப் பழைய வாதத்தைத் தூசி தட்டி எடுத்தார்கள். குறுக்கீடு இல்லாமல் இருந்தால் போதாது, யாருடைய தயவிலும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

இது புத்தகத்துச் சமாச்சாரம் என்று நினைக்காதீர்கள். என் முதல் வேலையில் மேலதிகாரி தங்கமானவர். கேட்டபோதெல்லாம் விடுப்பு கொடுப்பார், ஒரு தடவைகூடக் கோபித்ததில்லை. ஆனால் வேலையை நிரந்தரமாக்குவது அவர் ஒருவர் கையில் இருந்தது, காரணம் சொல்லாமலே மறுக்கலாம் என்பது விதி. ஒரு கூட்டத்தில் அவர் சொன்னது சட்டப்படி தவறு என்று எனக்குத் தெரிந்தும், பேசலாமா என்று அவர் முகத்தை ஒரு தடவை பார்த்தேன். பிறகு பேசாமல் குனிந்து குறிப்பெடுத்தேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை. ஹாப்ஸ் கணக்கில் நான் முழுச் சுதந்திரத்தோடு இருந்தவன். ஹாரிங்டன் கணக்கில் இல்லை. அடுத்தவர் முகத்தைப் பார்த்துப் பார்த்து நடக்க வேண்டியிருப்பதைத்தான் ஆதிக்கம் என்று இவர்கள் சொல்கிறார்கள். காரணம் சொல்லித்தான் மறுக்கலாம், மறுத்தால் மேல்முறையீடு உண்டு என்று ஒரு விதி வந்திருந்தால், அந்த விதி அவர் சுதந்திரத்தைக் கொஞ்சம் குறைத்து என் முதுகை நிமிர்த்தியிருக்கும்.

இங்கே எதிர்த்தரப்பையும் சொல்லிவிட வேண்டும். முன்பு சொன்ன கார்ட்டரும், மாத்யூ கிரேமர் என்ற இன்னொரு தத்துவவாதியும் கேட்பது நியாயமான கேள்வி: "எஜமான் தலையிட வாய்ப்பே இல்லையென்றால் அங்கே குறைந்தது என்ன? வாய்ப்பு இருந்தால், அந்த அளவுக்குச் சுதந்திரம் குறைகிறது என்று, குறுக்கீடு இல்லாமையே சுதந்திரம் என்ற பழைய கோட்பாட்டிலேயே சொல்லிவிடலாமே, புதுக் கோட்பாடு எதற்கு?" இதற்குப் பெட்டிட் தரப்பு சொல்லும் பதில் என்னைப் பாதி தூரம்தான் கூட்டிப்போகிறது. அன்றைக்கு என் வாயை அடைத்தது தலையீட்டின் சாத்தியமா, அந்த உறவின் அமைப்பா என்று இன்றைக்கும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

பணம் இல்லாமை சுதந்திரமின்மையா என்பதும் தீராத வழக்கு. பொருளாதார அறிஞர் ஹயக் போன்றவர்கள் இல்லை என்பார்கள்: உங்களால் முடியவில்லை, ஆனால் யாரும் உங்களைத் தடுக்கவில்லை. ஜி.ஏ. கோஹன் என்ற தத்துவவாதி இதை நேராகவே மறுத்தார். டிக்கெட் இல்லாமல் ரயிலில் ஏறிப் பாருங்கள். உங்களை இறக்கிவிடுவது வறுமை என்ற அருவப் பொருள் அல்ல, சட்டத்தின் பலத்தோடு வரும் ஒரு மனிதர். 1923லேயே ராபர்ட் ஹேல் என்ற அமெரிக்கர், சொத்துச் சட்டம் என்பதே "தொடாதே" என்று மற்ற எல்லோரையும் தடுக்கும் ஏற்பாடு என்று காட்டியிருந்தார். சொத்தும் ஒரு வேலிதான், வேலிக்கு வெளியே இருப்பவரை அது தடுக்கிறது. இதை மறுக்க முடியாது என்று நினைக்கிறேன். அதனால் அந்தத் தடை அநியாயம் என்று தானாக முடிவாகாது. அதற்கு நீதி பற்றிய தனி வாதம் வேண்டும். ஆனால் சொத்தைக் காப்பது மட்டும் இயற்கை, வரி போடுவது மட்டும் தலையீடு என்ற பேச்சு இதற்குப் பிறகு நிற்காது.

அப்புறம் ஹெல்மெட். ஆங்கிலத் தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில் 1859இல் ஒரு புத்தகத்தில் வகுத்த கோட்பாடு உங்களுக்குத் தெரிந்திருக்கும்: ஒருவரைக் கட்டாயப்படுத்த ஒரே நியாயம், பிறருக்கு வரும் தீங்கைத் தடுப்பது, அவருடைய சொந்த நன்மை போதுமான காரணம் அல்ல. அதே புத்தகத்தில் ஒரு பாலம் வருகிறது. உடைந்து விழக்கூடிய பாலத்தில் ஒருவர் கால் வைக்கப் போகிறார், சொல்லி எச்சரிக்க நேரமில்லை. பிடித்து இழுக்கலாம் என்கிறார் மில், ஏனென்றால் அவர் ஆற்றில் விழ ஆசைப்படவில்லை. ஆனால் ஆபத்து தெரிந்தும் "பரவாயில்லை, போகிறேன்" என்றால் எச்சரிப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஹெல்மெட் போடாதவர் பெரும்பாலும் ஆபத்து தெரிந்தவர்தான். ஆகவே மில்லை வைத்து ஹெல்மெட் விதியை நேராக நியாயப்படுத்த முடியாது. மருத்துவமனைச் செலவு பொதுப்பணம், குடும்பம் தவிக்கும் என்று சிலர் சுற்றி வருவார்கள். அந்தத் தர்க்கத்தில் மலையேற்றத்தையும் தடை செய்யலாம். 1972இல் ஜெரால்ட் டுவர்கின் என்ற தத்துவவாதி சொன்ன வழி எனக்கு அதைவிட நேர்மையாகப் படுகிறது: அமைதியாக யோசிக்கும்போது, என் அவசரத்துக்கும் அசட்டைக்கும் எதிராக நானே ஒப்புக்கொள்ளக்கூடிய காப்பீடு போன்றவை சில விதிகள். சுமை சின்னது, விபத்து நடந்தால் வரும் இழப்போ திரும்பப் பெற முடியாதது. அதனால் ஹெல்மெட் விதியை ஆதரிக்கிறேன், ஆனால் பெந்தாமைப் போல அதைத் தடை என்றே சொல்லி ஆதரிக்கிறேன்.

இன்னொன்று. தலைக்கவசம் சிலருக்கு அவ்வளவு சின்னச் சுமை இல்லை. பிரிட்டனில் 1973இல் மோட்டார் சைக்கிளில் போகிறவர்களுக்கு ஹெல்மெட் கட்டாயமானது. தலைப்பாகையைக் கழற்ற முடியாது என்று சீக்கியர்கள் போராடினார்கள். 1976இல் நாடாளுமன்றம் ஒரு தனிச் சட்டம் போட்டு, தலைப்பாகை கட்டிய சீக்கியர்களுக்கு விலக்கு கொடுத்தது. சீக்கியர் தலை மட்டும் கெட்டி என்று அங்கே யாரும் நினைத்துவிடவில்லை. டெய்லர் தன் அல்பேனிய உதாரணத்தை எழுதுவதற்கு மூன்று வருடம் முன்பே, ஒரு போக்குவரத்து விதியும் ஒரு மத நம்பிக்கையும் உண்மையிலேயே ஒரே தராசில் ஏறின, எடை போட்டவர்கள் எம்.பி.க்கள்.